நினைவு மேடையில் பத்து நிமிடம் வேண்டும்: யாங்கோனில் (ரங்கூன்) உள்ள எங்கள் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவிற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வரும் ஜூலை 21 அன்று நம் சங்க மண்டபத்தில் நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்கு நடக்கவிருக்கும் நினைவு மாலையின் நிகழ்ச்சி நிரல் சென்ற ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பாட்டு, 'பராசக்தி' படத்தின் நீதிமன்றக் காட்சி, இரவு உணவு என்று எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. அவற்றுக்குக் கீழே, விழாவின் பெயரால் நடந்த பண விவகாரத்தைப் பற்றி மேடையிலோ, வைபர் என்னும் செய்திச் செயலியில் உள்ள நம் குழுவிலோ எவரும் பேச வேண்டாம் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். இரண்டு முறை நேரில் வந்து பேசினேன், ஒரு முறை கடிதம் எழுதிச் செயலாளரின் கையிலேயே கொடுத்தேன். பதில் வரவில்லை என்பதால், உறுப்பினர் அனைவரும் படிக்கும்படி இப்போது எழுதுகிறேன்.

என் பெரிய அத்தைக்கு வயது 74. உங்களில் பலர் அவர் கையால் இட்லி வாங்கிச் சாப்பிட்டவர்கள். எங்கள் தெரு முனையில் முப்பது ஆண்டுகள் அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, இட்லியும் பருப்பு வடையும் விற்றுச் சேர்த்த பணத்தில் 18 லட்சம் கியாட் மிச்சம் வைத்திருந்தார். இடது கண்ணில் விழுந்த புரையை எடுப்பதற்காக ஒதுக்கிய பணம் அது. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மின்சாரம் போய் வீடு இருண்டிருந்த நேரத்தில், அவருடைய கைப்பேசிக்கு வைபரில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயராக நம் துணைச் செயலாளரின் பெயர் இருந்தது, படமும் அவருடையதே. செய்தியில் கட்டபொம்மன் வேடத்தில் சிவாஜி, அதன் கீழே நம் சங்க முத்திரை. மூத்த உறுப்பினர்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கப்படுகிறது, இருக்கைகள் குறைவு, இடத்தை உறுதிசெய்ய 2,000 கியாட் மட்டும் கட்டினால் போதும் என்று எழுதியிருந்தது.

அத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பும் வந்துவிட்டது. பேசியவர் நல்ல தமிழில், பெற்ற தாயிடம் பேசுவதுபோல, "அம்மா, உங்களுக்கு முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன், அரை மணி நேரத்துக்குள் பதிந்துவிடுங்கள், மற்றவர்களிடம் இப்போது சொல்ல வேண்டாம், சண்டைக்கு வந்துவிடுவார்கள்" என்றிருக்கிறார். செய்தியில் இருந்த இணைப்பைத் தொட்டதும், அத்தை தினமும் பார்க்கும் பணச் செயலியைப் போலவே ஒரு பக்கம் திறந்திருக்கிறது. அதே நிறம், அதே எழுத்து. அதில் கைப்பேசி எண்ணையும் ரகசிய எண்ணையும் போட்டார். பிறகு குறுஞ்செய்தியில் ஆறிலக்க எண் ஒன்று வந்தது. கண் சரியாகத் தெரியாததால், பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வோர் இலக்கமாக அந்த மனிதரிடமே படித்துச் சொன்னார். அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் வேறொரு கைப்பேசியில் அவருடைய கணக்கைத் திறந்துவிடலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சில நிமிடங்களில் கணக்கு காலியாகிவிட்டது.

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அத்தை இதை ஒன்பது நாட்கள் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கண் மருத்துவரிடம் அழைத்துப் போக நான் வாடகை வண்டியோடு வந்து நின்ற காலையில், "இப்போது பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டாம், வீண் செலவு" என்றார். சொல்லிவிட்டு, அதை மெய்ப்பிப்பதற்காக, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எதிரே போய் நின்று தேதியைப் படித்தார். அவர் படித்தது தவறான தேதி. மூன்று நாட்களாக அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை, கிழிக்காத தாளில் இருந்த எண்ணும் தெரியவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்து உட்கார வைத்த பிறகுதான் அழத் தொடங்கினார்.

இதோடு முடிந்திருந்தால், எங்கள் குடும்பத்தின் துயரம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் அடுத்த வாரம் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது, நம் உறுப்பினர்களில் இன்னும் நான்கு பேர் அதே படத்தையும் அதே முத்திரையையும் நம்பிப் பணம் இழந்திருப்பது தெரியவந்தது. நால்வரும், ஏமாந்தது தான் ஒருவர் மட்டுமே என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பணம் போன மறுநாளே நம் அலுவலகத்துக்கு வந்து விவரத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் வந்தது செவ்வாய்க்கிழமை. என் அத்தையின் பணம் போனது அதே வாரம் வெள்ளிக்கிழமை. நடுவில் மூன்று நாட்கள் இருந்தன. துணைச் செயலாளரின் வைபர் கணக்கு களவு போயிருக்கிறது, அந்தப் பெயரில் வரும் எதையும் நம்ப வேண்டாம் என்று ஒரே ஒரு செய்தியைக் குழுவில் போட்டிருந்தால், ஒரு பிள்ளையை அனுப்பிப் பெரியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லச் சொல்லியிருந்தால், என் அத்தைக்கு இன்று இரண்டு கண்ணும் தெரிந்திருக்கும். நீங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று தயங்கியிருப்பீர்கள். அந்தத் தயக்கத்துக்கான விலையை வேறொருவர் கொடுத்துவிட்டார் என்பதுதான் என் முறையீடு.

சிவாஜியின் நினைவு நாளில் இதைப் பேசுவது பொருத்தமில்லை என்று செயலாளர் என்னிடம் சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் முற்றிலும் மாறுபடுகிறேன். 1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'யை நம் மண்டபத்தில் ஆண்டுதோறும் போடுகிறோமே, அது யாருடைய கதை? ரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில், விழுப்புரம் சின்னையா கணேசன் என்ற 24 வயது நாடக நடிகர் திரையில் முதன்முதலாக வந்து நின்றபோது, ரங்கூன்காரனாகத்தான் வந்து நின்றார். தங்கையின் திருமணத்துக்கு மூன்று அண்ணன்மாரும் போக நினைக்க, போர்க்காலம் என்பதால் கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. கடைசித் தம்பி குணசேகரன் புறப்படுகிறான். சென்னையில் இறங்கி, ஒரு நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், கொண்டுவந்த உடைமை அத்தனையும் பறிபோகிறது. மதுரைக்குப் போய்த் தங்கையைக் கண்ணால் கண்ட பிறகும், வெறுங்கையோடு நிற்கும் தன்னை அண்ணன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல், பைத்தியக்காரனைப் போல நடித்துக்கொண்டு அவளுடைய வீட்டையே சுற்றிச் சுற்றி வருகிறான்.

வீடியோ கேசட் நம் ஊருக்கு வந்த காலத்தில், அத்தையின் மடியில் உட்கார்ந்து இந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. 'பேசும் படம்' இதழிலிருந்து வெட்டியெடுத்த சிவாஜி படமொன்று இன்றும் அவருடைய தகரப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. ரங்கூன் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் "நம்ம ஊரு" என்று என் தோளைத் தட்டுவார். பைத்தியமாக நடிக்கும் காட்சிகளில் எல்லாரும் சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்கமாட்டார். "சொல்லிடலாமே, கூடப் பிறந்தவதானே, சொல்லிடலாமே" என்று திரையைப் பார்த்து முணுமுணுப்பார். அந்த அத்தைதான், பணம் போனதை என்னிடம் சொல்ல முடியாமல், தெரியாத கண்ணைத் தெரிகிறது என்று நடித்தார்.

பிறகு அந்தக் குணசேகரன் நீதிமன்றக் கூண்டில் ஏறி, தன் குடும்பத்துக்கு நேர்ந்த அனைத்தையும் ஊரறியச் சொல்கிறான். எழுபது ஆண்டுகள் கடந்தும் நாம் அந்தக் காட்சியைத்தான் கேட்கிறோம், மனப்பாடமாகச் சொல்கிறோம், பிள்ளைகளை மேடையேற்றிப் பேசவைக்கிறோம். என் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்து இன்னும் சரியாகக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட அந்த வசனத்தில் நான்கு வரி சொல்லும். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் விருது, 1995-இல் பிரான்ஸ் நாட்டின் செவாலியே விருது, பிறகு தாதாசாகேப் பால்கே விருது என்று அவர் பெற்ற பெருமைகளை வரவேற்புரையில் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். வாசிக்கட்டும். ஆனால் மறைத்து வைத்த துயரத்தை வாய்விட்டுச் சொன்ன அந்தக் காட்சியைத் திரையிடும் அதே மண்டபத்தில், அதே மாலையில், நம்மவர்க்கு நேர்ந்ததை வாய்திறந்து சொல்லக் கூடாது என்று எழுதி ஒட்டுவது அந்தக் கலைஞருக்கு நாம் செலுத்தும் மரியாதை ஆகாது. அவருடைய முகத்தையும் குரலின் நினைவையும் பயன்படுத்தித்தான் நம் பெரியவர்களிடம் திருடினார்கள் என்கிறபோது, அவருடைய நினைவு நாளைவிடப் பொருத்தமான நாள் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் கூட்டக் குறிப்பில் இதை உறுப்பினர்களின் கவனக்குறைவு என்று பதிந்திருப்பதாக அறிகிறேன். அந்தச் சொல் என்னைச் சுட்டது. என் அத்தை பணத்தின் அருமை அறியாதவர் அல்லர். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, தன் தந்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்த நோட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர். அந்த ஆண்டுகளில் உறவினர்கள் கப்பலேறிச் சென்னைக்குப் போக, இங்கேயே தங்கிவிட்டவர். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் ஒரே நாளில் வெறும் காகிதமானபோது, வடை மாவுக்குப் பருப்பு வாங்க முடியாமல் ஒரு வாரம் அடுப்பை அணைத்து வைத்தவர். அதற்குப் பிறகு தங்கத்தைத் தவிர எதையும் நம்பாமல் இருந்த அவரை, 2021-க்குப் பிறகு வங்கி வாசல்களில் வெயிலில் நின்ற வரிசைகள்தான் கைப்பேசிப் பணத்துக்குத் தள்ளின. கடைக்காரரும் கேபே என்னும் கைப்பேசிப் பணச் செயலியில் கட்டச் சொன்னார், மருந்துக் கடையும் அதையே கேட்டது, நம் சங்கமும் சந்தாவை அப்படித்தான் கட்டச் சொன்னது. பணம் கட்டக் கற்றுக் கொடுத்த நாம், பணத்தைக் காப்பதற்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இது எங்கோ ஒருவர் பொழுதுபோக்குக்காகச் செய்யும் குறும்பு இல்லை. நம் நாட்டின் கிழக்கு எல்லையில், மியாவடிப் பக்கம், மதில்களுக்குள் இதற்கென்றே வளாகங்கள் நடந்துவந்ததை உலகமே அறியும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் அங்கே அடைக்கப்பட்டு, மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, 2022-இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அத்தையிடம் பேசியவரும் அப்படி அடிக்குப் பயந்து பேசிய பிள்ளையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாராக இருந்தாலும், என்ன பேசுவது, எந்த இடத்தில் அவசரப்படுத்துவது, எந்த இடத்தில் "மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்" என்பது என்று எழுதி வைத்துப் பழக்கப்படுத்தும் தொழிலை எதிர்த்து, பூதக்கண்ணாடியோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் தோற்றார். அதற்குக் கவனக்குறைவு என்று பெயரிடாதீர்கள்.

கவனக்குறைவு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது, அது நம் அலுவலகத்தில் இருக்கிறது. நம் வைபர் குழுவில் சேர்வதற்கான இணைப்பைச் சென்ற ஆண்டு விழா அழைப்பிதழிலேயே அச்சிட்டோம். கோயில் சுவரில் ஒட்டினோம். தெருவில் போகிற எவரும் அதன் வழியே உள்ளே வரலாம். மூத்த உறுப்பினர்களின் பெயர், வயது, கைப்பேசி எண் அடங்கிய பட்டியலைப் பேருந்து ஏற்பாட்டுக்காக அதே குழுவில் போட்டோம், இன்றுவரை நீக்கவில்லை. யாருக்கு வயதாகிறது, யார் தனியாக இருக்கிறார், யாருக்குச் சிவாஜி என்றால் உயிர் என்பதெல்லாம் அந்தக் குழுவைப் படித்தாலே தெரியும். திருடனுக்கு வேறு என்ன வேண்டும்? துணைச் செயலாளரின் கணக்கும், அவருக்குத் தெரிந்த ஒருவர் பெயரில் வந்து "தவறுதலாக உங்களுக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுத்தான் பறிக்கப்பட்டதாகக் கேள்விப்படுகிறேன். அவரும் ஏமாற்றப்பட்டவரே, அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவரே மேடையேறி நடந்ததைச் சொன்னால், நம் பெரியவர்களின் தலைகுனிவு பாதி தீர்ந்துவிடும்.

சங்கத்தின் பெயர் கெடும் என்கிறீர்கள். பெயர் ஏற்கெனவே திருடர்களின் கையில் இருக்கிறது. அதை மீட்க வேண்டுமானால் இது எங்கள் செய்தி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். நன்கொடை குறையும் என்பதற்கு நான் என்ன பதில் சொல்வது? குறைந்தால் இரவு உணவில் ஒரு பதார்த்தத்தைக் குறைப்போம்.

என் கோரிக்கைகள் இவை. இந்த மடலில் அத்தையைப் பற்றி எழுதியதெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே எழுதியது.

நிகழ்ச்சி நிரலில் உள்ள அந்த வரியை நீக்குங்கள். ஜூலை 21 மாலை, நீதிமன்றக் காட்சியைத் திரையிடுவதற்கு முன்னால், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தலைவர் அவர்களே மேடையேறி, தமிழிலும் பர்மிய மொழியிலும், எந்த நாட்களில் எந்தப் பெயரில் எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பணம் இழந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு பெரியவர்களுக்குப் புரியும்படி சில செய்திகளை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஆறிலக்க எண் வீட்டுச் சாவிக்குச் சமம், மகன் கேட்டாலும் தொலைபேசியில் சொல்லக் கூடாது. ரகசிய எண்ணைப் பணச் செயலியைத் தானே திறந்து அதற்குள் போடலாமே தவிர, யாரோ அனுப்பிய இணைப்பில் திறக்கும் பக்கத்தில் ஒருபோதும் போடக் கூடாது. பணம் கேட்டுத் தெரிந்தவர் பெயரில் செய்தி வந்தால், அந்தச் செய்திக்குப் பதில் எழுதாமல், நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணில் அவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேட்க வேண்டும். அவசரம் என்றும், யாரிடமும் சொல்லாதே என்றும் ஒரே ஆள் சொன்னால், பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே பண நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். திருடியவர் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் தடுக்க அந்த முதல் சில நிமிடங்களில் மட்டுமே வாய்ப்பிருக்கிறது.

வைபர் குழுவின் பழைய இணைப்பை இந்த வாரமே செயலிழக்கச் செய்யுங்கள். நமக்குத் தெரியாத எண்களை வெளியேற்றுங்கள். மூத்தோர் பட்டியலை அழியுங்கள். இனி விழாவுக்கான பணம் எதுவும் செய்தி வழியாகக் கேட்கப்படாது, அலுவலகத்தில் பொருளாளர் கையெழுத்திட்ட அச்சு ரசீதுக்கு மட்டுமே பெறப்படும் என்று தீர்மானம் எழுதி, அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். என் வகுப்பில் படித்து வளர்ந்த நான்கு இளைஞர்கள் ஞாயிறு காலைகளில் மண்டபத்தில் உட்கார்ந்து, பெரியவர்களின் கைப்பேசியில் திரைப் பூட்டையும், வைபருக்கும் டெலிகிராமுக்கும் உள்ள இரண்டாவது கடவுச்சொல்லையும் அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் மின்விசிறி உள்ள மூலையும் தாருங்கள்.

கூட்டக் குறிப்பில் உள்ள "உறுப்பினர்களின் கவனக்குறைவு" என்ற சொற்களைத் திரும்பப் பெற்று, அப்படிப் பெற்றதை எழுத்தில் அறிவியுங்கள். ஏமாற்றப்பட்ட ஐவரின் வீட்டுக்கும் நிர்வாகக் குழுவிலிருந்து இருவர் நேரில் போய்ப் பேசுங்கள். பண நிறுவனத்தில் முறையிட விரும்புகிறவர்களோடு துணைக்குப் போங்கள். பணத்தை ஈடுகட்டும்படி என் குடும்பம் கேட்கவில்லை. அத்தையின் அறுவை சிகிச்சைக்கு நாங்கள் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 14-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பணம் போனதிலிருந்து கோயில் பக்கமே வராத அத்தையை அன்று மாலை விழாவுக்கு அழைத்து வர விரும்புகிறேன். அவருக்கு முன்வரிசையில், திரைக்கு அருகே, வலது கண்ணால் பார்க்க வசதியான ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை,
யாங்கோன்